பச்சை காயும்வரை

சொதப்பிய படங்களையெல்லாம்
கறுப்பு வெள்ளையாக்கி ஒப்பேற்றியவன் நான்.
ஆறு வருடம் ஓடியது அப்படி.
ஒரு தட்டு. நிறம் போகும்.
நிறத்தோடு என் பிழையும் போகும்.
தேக்காவில் மீன் வெட்டும் கை,
கேலாங் சந்தில் வாய்பிளந்து தூங்கும் டாக்சிக்காரர்,
எல்லோருக்கும் ஒரே சாம்பல் பூசி
ஆழம் என்று பேர் வைத்தேன்.

பீஷான் பணிமனையில் என்னோடு
பிரேக் சரிபார்க்கும் ரொஸ்னா
ஒருநாள் ஒரு படத்தைப் பார்த்துக் கேட்டாள்:
"அந்த வாளி என்ன நிறம்?"
யோசித்தேன். நினைவில்லை.
எதிரில் நின்று எடுத்தவன் நான்.

இன்று ஞாயிறு. வாம்போ.
எதிர் புளோக்குக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள்.
மூன்று வண்ணத் திட்டங்களை
மின்தூக்கிப் பக்கத்தில் ஒட்டி வைத்து
வீட்டுக்கு ஓர் ஓட்டுக் கேட்டிருந்தார்கள்.
நான் இரண்டாவதற்குப் போட்டேன்; மூன்றாவது ஜெயித்தது.
பீச் போகிறது, பச்சை வருகிறது.
பத்தாம் மாடி உயரத்தில், தொங்குமேடையில்,
மஞ்சள் தலைக்கவசம் ஒன்று, வெள்ளை ஒன்று.

கேமராவைத் தூக்கியதும் தகராறு.

நிழல் சொன்ன பேச்சுக் கேட்கும். நிறம் கேட்காது.
ஒன்பதாம் மாடியில், மூங்கில் கழியில்,
யாரோ காயப்போட்ட சிவப்பு டவல்,
படத்தில் நகக்கண் அளவுதான் அது,
மொத்தத்தையும் தன் பக்கம் இழுக்கிறது
கல்யாண வீட்டில் உரக்கப் பேசும்
ஒன்றுவிட்ட சித்தப்பாவைப் போல.
அதை விலக்கினால் மேடை பாதியாகிறது.
சேர்த்தால் இது டவலின் படம்.
மேகம் மறைக்கட்டும் என்று நின்றேன்.
மறைத்தது. சிவப்பு அடங்கியது,
பச்சையும் கூடவே செத்தது.

பச்சை என்றால் சும்மா நிறமா நமக்கு?
பச்சைத் தண்ணீரில் பச்சை இல்லை.
பச்சைக் குழந்தை சிவந்துதான் பிறக்கிறது.
பச்சைப் பொய்க்கு இலையுமில்லை, கிளையுமில்லை.
வேகாதது, காயாதது, ஆறாதது
அத்தனையும் பச்சை.
இதை ஒயிட் பேலன்ஸில் எந்த எண்ணில் வைத்து
லென்ஸுக்குச் சொல்ல?

சுவரில் இப்போது இரண்டு பச்சை.
நேற்று அடித்தது காய்ந்து அழுத்தமாகிவிட்டது.
இன்று அடிப்பது ஈரத்தில்
பால் கலந்தது போல் வெளிறிக் கிடக்கிறது.
இரண்டுக்கும் நடுவே, உருளை இறங்க இறங்க,
கூடவே இறங்கும் ஒரு கோடு.
கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அதை
நிழல் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.
நிழல் அல்ல அது. நேரம்.
பத்தரை மணி வெயிலில் அழிந்துவிடும்.

அவசரத்தில் ஒன்று அடித்தேன்.
கோணல். டவல் பெரிதாக,
மேடை வெட்டுப்பட்டு, வெள்ளைக் கவசக்காரர்
வெறும் முழங்கையாக.

அப்போது ஒன்பதாம் மாடியில் ஒரு கை.
வளையல் இல்லை, கடிகாரம் இல்லை.
பெயின்ட் தெறிக்கும் என்று பயந்திருக்கும்;
கழியோடு டவல் உள்ளே போனது.

இதைத்தானே கேட்டேன்?
நிதானமாக, நேராக, பதினாலு படம்.
திரையில் பார்த்தால் சுவர்.
பச்சை அடித்த சுவர், அவ்வளவுதான்.
எதிரி எழுந்து போனதும்
வாதம் மறந்த வக்கீல் மாதிரி
அந்தப் பச்சை சும்மா நிற்கிறது.

கழி திரும்ப நீளும் என்று
பதினொன்றே கால் வரை நின்றேன்.
கழுத்து வலித்தது. கீழே காப்பிக்கடையில்
யாரோ நாற்காலியை இழுத்தார்கள்;
அதுவும் சிவப்பு, ஆனால் அது வேறு சிவப்பு.
மேடை ஆறாம் மாடிக்கு இறங்கிவிட்டது.
கோடு காய்ந்துவிட்டது.

கோணல் படத்தை ரொஸ்னாவுக்கு அனுப்பினேன்.
விரல் பழக்கத்தில் அந்த விசைக்குப் போனது,
மடக்கிக்கொண்டேன்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
நானே எழுதினேன்:
சிவப்பு. கரையில் நைந்தது.
ரோஜாவாக இன்னும்
நாலைந்து சலவை பாக்கி.